தேர்தல் பணிக்குப் போகிறவரின் வாக்கு: அரசு ஊழியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டில் தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டதும் பள்ளி ஆசிரியர் அறைகளிலும் வட்டாட்சியர் அலுவலகங்களிலும் ஒரே பேச்சுதான். "உங்களுக்கு ஆர்டர் வந்துவிட்டதா? பி.ஓ.வா, பி-1 ஆ?" பி.ஓ. என்றால் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர்; பி-1 என்றால் அவருக்கு அடுத்த முதல் வாக்குப்பதிவு அலுவலர். எந்தத் தொகுதியில் போடுவார்கள், எத்தனை பயிற்சி வகுப்பு, இரவு எங்கே தங்குவது என்று பேச்சு நீளும். அன்றைக்கு நம்முடைய வாக்கு என்ன ஆகும் என்ற கேள்வி மட்டும் கடைசியில்தான் வரும். பலருக்கு அது வாக்குப்பதிவு முடிந்த பிறகே நினைவுக்கு வருகிறது.

நான் அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியர். பி-1 ஆகவும் பின்னர் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகவும் பல தேர்தல்களில் பணி செய்திருக்கிறேன். ஒரு சாவடியில் ஆயிரம் பேருடைய வாக்கை முறைப்படி பதிவு செய்து, முத்திரை வைத்து ஒப்படைக்கிறவர் தம் வாக்கை இழந்துவிட்டு வீடு திரும்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. சக ஊழியர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையும், சட்டமும் அனுபவமும் தரும் பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

என்னைக் கேட்காமலே தேர்தல் பணியில் சேர்க்கிறார்களே, மறுக்க முடியுமா?

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அரசியலமைப்பின் 324-ஆவது பிரிவு, தேர்தல் ஆணையம் கேட்கும் ஊழியர்களைத் தர வேண்டும் என்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-இன் 159-ஆவது பிரிவு அதையே விரித்துச் சொல்கிறது. அதே சட்டத்தின் 28ஏ பிரிவுப்படி, தேர்தல் அறிவிக்கை வெளியான நாளிலிருந்து முடிவு அறிவிக்கப்படும் வரை நீங்கள் ஆணையத்துக்கு அயற்பணியில் இருப்பவராகவே கருதப்படுவீர்கள். அந்த நாட்களில் உங்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

தக்க காரணமின்றிக் கடமை தவறினால் 134-ஆவது பிரிவின்படி அபராதம் 500 ரூபாய் வரை. ஆனால் ஊழியர்கள் அஞ்சுவது அந்த 500 ரூபாய்க்கு அல்ல. பணியிடை நீக்க ஆணை ஒரே நாளில் வந்துவிடும். அதை விலக்கிக்கொள்ள மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

உடல்நலம் சரியில்லை, கைக்குழந்தை இருக்கிறது. விலக்கு கிடைக்குமா?

கேட்கலாம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், கடும் நோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்கள், மாற்றுத்திறனாளிகள் மருத்துவச் சான்றுடன் மாவட்டத் தேர்தல் அலுவலருக்கு, அதாவது மாவட்ட ஆட்சியருக்கு விண்ணப்பிக்கலாம். முடிவு அவர் கையில் இருக்கிறது. முதல் பயிற்சி வகுப்புக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். அணிகள் பிரிக்கப்பட்ட பிறகு ஒருவரை நீக்கினால் அந்த இடத்துக்கு ஒருவரைத் தேட வேண்டும் என்பதால், காரணம் உண்மையாக இருந்தாலும் அலுவலகம் இழுத்தடிக்கும்.

விலக்கு கேட்கிறவர்கள் எல்லோரையும் வேலைக்கு அஞ்சுகிறவர்கள் என்று எண்ணும் பழக்கம் சில அலுவலகங்களில் இருக்கிறது. அது நியாயமில்லை. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலக வராந்தாவில் நாள் முழுவதும் நிற்க வேண்டிய தேவையே வரக்கூடாது.

எந்தச் சாவடி என்பதைக் கடைசி வரை சொல்ல மாட்டேன் என்கிறார்களே, ஏன்?

கணினிக் குலுக்கல் மூன்று கட்டமாக நடக்கிறது. முதல் கட்டத்தில் ஊழியர்கள் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். இரண்டாம் கட்டத்தில் எந்தத் தொகுதி, எந்த அணி என்பது முடிவாகிறது. மூன்றாவது, எந்தச் சாவடி என்பது; இது வாக்குப்பதிவுக்குச் சற்று முன்னர்தான் நடக்கும். முந்தைய நாள் பொருட்களை வாங்கப் போகும்போதுதான் உங்களுக்குச் சாவடி தெரியும். சொந்தத் தொகுதியிலும் வேலை பார்க்கும் தொகுதியிலும் போட மாட்டார்கள். உள்ளூர்க் கட்சிக்காரர் யாரும் உங்களை முன்கூட்டியே வந்து பார்க்க முடியாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. அலைச்சல்தான், ஆனால் இது உங்களுக்கே பாதுகாப்பு.

உங்கள் வாக்கு சிக்கலாவதும் இதே ஏற்பாட்டினால்தான். சொந்தச் சாவடியிலிருந்து உங்களைத் தள்ளி அனுப்புகிறவர்கள், உங்கள் வாக்குக்கு மாற்று வழி செய்து தரக் கடமைப்பட்டவர்கள். அந்த வழியைக் கேட்டு வாங்குவது சலுகை கேட்பதாகாது.

அப்படியானால் நான் எப்படி வாக்களிப்பது? படிவம் 12-க்கும் 12ஏ-க்கும் என்ன வேறுபாடு?

படிவம் 12 தபால் வாக்குக்கான விண்ணப்பம். படிவம் 12ஏ தேர்தல் பணிச் சான்றுக்கான விண்ணப்பம். பேச்சில் இதை இ.டி.சி. என்பார்கள்.

எந்தத் தொகுதியில் உங்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதோ, அதே தொகுதிக்குள் பணி கிடைத்தால் இ.டி.சி. வாங்கலாம். மக்களவைத் தேர்தலில் தொகுதி பெரிது. ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்தது. எனவே பக்கத்துச் சட்டமன்றத் தொகுதியில் பணி செய்தாலும் மக்களவைத் தொகுதி ஒன்றாக இருக்க வாய்ப்புண்டு. 2024 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாட்டின் 39 தொகுதிகளுக்கும் ஒரே நாளில் வாக்குப்பதிவு நடந்தபோது பலர் இப்படித்தான் பணி செய்த சாவடியிலேயே இயந்திரத்தில் வாக்களித்தார்கள். சட்டமன்றத் தேர்தலில் சொந்தத் தொகுதியில் பணி தருவதில்லை என்பதால் பெரும்பாலோருக்குத் தபால் வாக்குதான்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கிடைத்தால் தயங்காமல் இ.டி.சி.யைக் கேளுங்கள். அந்த வாக்கு இயந்திரத்தில் விழுகிறது. உறை, உறுதிமொழி, சான்றொப்பம் எதுவும் இல்லை. செல்லாது என்று யாரும் தள்ளிவைக்க முடியாது. உங்கள் வாக்கு என்னவென்று ஊகிக்கவும் முடியாது.

கால வரம்பு இப்படி: தபால் வாக்குக்கு வாக்குப்பதிவுக்குக் குறைந்தது 7 நாட்களுக்கு முன்பும், இ.டி.சி.க்கு 4 நாட்களுக்கு முன்பும் விண்ணப்பம் தேர்தல் நடத்தும் அலுவலருக்குப் போய்ச் சேர வேண்டும். நடைமுறையில் முதல் பயிற்சி வகுப்பிலேயே படிவத்தைத் தருவார்கள், அங்கேயே வாங்கிக்கொள்வார்கள். தராவிட்டால் எழுந்து கேளுங்கள்.

வாக்காளர் பட்டியலில் உங்கள் சாவடிக்குரிய பாகம் எண்ணையும் அதில் உங்கள் வரிசை எண்ணையும் படிவத்தில் எழுத வேண்டும். பலர் தடுமாறுவது இங்கேதான். பழைய தேர்தலின் எண்ணை நினைவிலிருந்து எழுதாதீர்கள். 2025 நவம்பர் 4-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு பட்டியல் புதிதாக அச்சிடப்பட்டது. ஒரு சாவடிக்கு உச்சவரம்பு 1,500 வாக்காளரிலிருந்து 1,200 ஆகக் குறைக்கப்பட்டதால் சாவடிகளும் பிரிக்கப்பட்டன. உங்கள் தெரு வேறு பாகத்துக்குப் போயிருக்கலாம். ஆணையத்தின் இணையதளத்தில் அடையாள அட்டை எண்ணைக் கொடுத்தால் புதிய பாகம் எண் கிடைக்கும். 1950 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

தபால் வாக்கை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பொறுமையாகப் போட்டு அனுப்பலாம் என்று மூத்தவர்கள் சொல்கிறார்களே?

முன்பு அப்படித்தான் இருந்தது. வாக்கு எண்ணிக்கை நாளன்று காலை 8 மணிக்குள் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் சேர்ந்தால் போதும். 2023-இல் தேர்தல் நடத்தை விதிகளில் 18ஏ என்ற புதிய விதி சேர்க்கப்பட்டது. அதன்படி தேர்தல் பணியில் இருப்பவர் பயிற்சி நடக்கும் இடத்தில் அமைக்கப்படும் சிறப்பு மையத்திலேயே வாக்குச்சீட்டைப் பெற்று, அங்கேயே குறியிட்டு, அங்கேயே பெட்டியில் போட வேண்டும். வெளியே எடுத்துச் செல்ல முடியாது.

வாக்குச்சீட்டு வாரக்கணக்கில் ஊழியர் கையில் இருந்தால் கட்சிக்காரர்களும் சங்கத்தில் செல்வாக்கு உள்ளவர்களும் வந்து நெருக்குவார்கள், பணமும் புழங்கும் என்பது ஆணையம் சொன்ன காரணம். அந்த நெருக்கடியைப் பார்த்திருக்கிறேன் என்பதால் இந்தத் திருத்தம் சரியானது என்றே சொல்வேன். ஆனால் முன்பு தாமதமானால் ஈடுகட்ட நாட்கள் இருந்தன. இப்போது மையம் திறந்திருக்கும் அந்த ஓரிரு நாட்களில் உங்கள் சீட்டு அங்கே இல்லையென்றால் வாக்கு போய்விடும். ஊழியரின் கையிலிருந்து சீட்டை எடுத்துக்கொண்ட நிர்வாகம், அந்தச் சீட்டு உரிய நாளில் மையத்தில் இருக்கும் என்ற பொறுப்பையும் சேர்த்தே ஏற்க வேண்டும்.

"உங்கள் சீட்டு இன்னும் வரவில்லை, அடுத்த பயிற்சியில் பாருங்கள்" என்கிறார்கள். என்ன செய்வது?

ஊழியர்களை மிகவும் நோகடிக்கும் பதில் இதுதான். உங்கள் வாக்கு ஒரு மாவட்டத்தில், பணி இன்னொரு மாவட்டத்தில் என்றால் படிவம் 12 பணி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டு, உங்கள் சொந்தத் தொகுதியின் தேர்தல் நடத்தும் அலுவலருக்குப் போய், அவர் பட்டியலில் சரிபார்த்துச் சீட்டை அனுப்பி, அது நீங்கள் பயிற்சிக்கு வரும் இடத்தை அடைய வேண்டும். இந்த வழியில் ஒரு மேசையில் இரண்டு நாள் தங்கினாலும் போதும்.

நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. படிவம் 12-ஐக் கொடுக்கும்போது பணி ஆணையின் நகலை இணையுங்கள். கொடுத்த படிவத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துவைத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். இரண்டாம் பயிற்சியில் சீட்டு இல்லையென்றால் வாய்ச்சொல்லோடு திரும்பாமல் அங்குள்ள உதவித் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். பொதுப் பார்வையாளரின் கைப்பேசி எண்ணை ஒவ்வொரு தொகுதியிலும் வெளியிடுவார்கள், அவரிடம் சொல்லுங்கள். அவர் வெளிமாநிலத்திலிருந்து ஆணையம் அனுப்பிய அதிகாரி. அவர் ஒரு முறை கேட்டால் கோப்பு நகரும்.

ஒரு பயிற்சிக் கூடத்தில் இருபது பேருக்குச் சீட்டு வரவில்லையென்றால் இருபது பேரும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுங்கள். தனித்தனியாகப் போய்க் கேட்டால் தனித்தனியாகத் திருப்பி அனுப்புவார்கள்.

தபால் வாக்கு செல்லாது என்று எப்போது தள்ளுகிறார்கள்? சில நூறு வாக்குகளால் என்ன ஆகிவிடப்போகிறது?

இரண்டாவது கேள்விக்கு ராதாபுரம் பதில் சொல்லும். 2016 சட்டமன்றத் தேர்தலில் திருநெல்வேலி மாவட்டத்தின் அந்தத் தொகுதியில் அ.தி.மு.க.வின் இன்பதுரை, தி.மு.க.வின் அப்பாவுவை 49 வாக்குகளில் வென்றதாக அறிவிக்கப்பட்டது. அந்த எண்ணிக்கையில் 203 தபால் வாக்குகள் செல்லாது என்று ஒதுக்கப்பட்டிருந்தன. உறுதிமொழியில் சான்றொப்பமிட்டவர் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர், அவர் கெசட்டட் அலுவலர் அல்லர் என்பது காரணம். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2019 அக்டோபர் 1-இல் அந்தத் தபால் வாக்குகளையும் கடைசி மூன்று சுற்றுகளின் இயந்திர வாக்குகளையும் மீண்டும் எண்ண உத்தரவு வந்தது. எண்ணினார்கள். முடிவை வெளியிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. அந்தச் சட்டமன்றத்தின் காலமே முடிந்து, 2021 தேர்தலில் அப்பாவு வென்று பேரவைத் தலைவரானார்.

வழக்கின் அரசியலை விட்டுவிடுவோம். வித்தியாசம் 49, ஒதுக்கப்பட்டவை 203. தேர்தலை நடத்திக்கொடுத்த ஊழியர்களின் வாக்குகள் அவை. யாருக்குப் போட்டார்கள் என்பது வேறு விஷயம். தம் பள்ளித் தலைமையாசிரியரின் கையெழுத்து போதும் என்று நம்பியதற்காக அவர்களின் குரல் கணக்கிலேயே சேராமல் போனது. பயிற்சி வகுப்பில் ஒருவர் ஐந்து நிமிடம் ஒதுக்கி விளக்கியிருந்தால் இது நடந்திருக்காது என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

இப்போது சிறப்பு மையத்திலேயே சான்றொப்பமிட அலுவலர் இருப்பதால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. மற்றவற்றைக் கவனியுங்கள். வாக்குச்சீட்டு உள் உறையில் போக வேண்டும். படிவம் 13ஏ உறுதிமொழியை உள் உறைக்குள் போடக் கூடாது. அதுவும் ஒட்டிய உள் உறையும் தனித்தனியாக வெளி உறைக்குள் போக வேண்டும். எண்ணும்போது முதலில் வெளி உறையைத் திறந்து உறுதிமொழியைத்தான் தேடுவார்கள். இல்லையென்றால் உள் உறையைப் பிரிக்காமலே தள்ளிவிடுவார்கள். உறுதிமொழியில் எழுதிய வாக்குச்சீட்டு எண்ணும் உள் உறையின் மேல் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். சீட்டில் உங்கள் பெயரோ கையெழுத்தோ உங்களை அடையாளம் காட்டும் வேறு குறியோ இருந்தால் செல்லாது. படித்தவர்கள், ஆசிரியர்கள், பழக்கதோஷத்தில் சீட்டின் கீழே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

எண்ணும் நாளில் தபால் வாக்குகள் காலை 8 மணிக்கு முதலில் எடுக்கப்படும்; அரை மணி நேரம் கழித்து இயந்திரங்கள். தபால் வாக்குகளை எண்ணி முடித்த பிறகே இயந்திர எண்ணிக்கையின் கடைசிக்கு முந்தைய சுற்றைத் தொடங்க வேண்டும் என்று 2025 செப்டம்பரில் ஆணையம் உத்தரவிட்டது. தபால் வாக்குகளை அவசரகதியில் ஒதுக்கித் தள்ளும் போக்கை இது குறைக்கும் என்று நம்புகிறேன்.

தபால் வாக்குச்சீட்டைப் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பலாமா?

கூடாது. வாக்கின் ரகசியத்தைக் காக்கக் கடமைப்பட்ட ஊழியரே அதை உடைத்தார் என்று ஆகும். பணியிடை நீக்கம் நிச்சயம் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

அரசியல் கருத்தே சொல்லக் கூடாதா? எனக்கு வாக்குரிமை இருக்கிறதே!

வாக்களிக்கலாம். யாருக்கு வாக்களித்தீர்கள், யாருக்கு வாக்களிக்கப் போகிறீர்கள் என்பதை வெளிக்காட்டக் கூடாது. மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1964-இன் 5-ஆவது விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. உடையிலோ வண்டியிலோ வீட்டிலோ சின்னத்தை வைப்பதையே அது வாக்கைத் தூண்டும் செயலாகக் கொள்கிறது. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 அதே வழியில்தான் போகிறது. வாக்குச்சாவடி முகவராகவோ எண்ணிக்கை முகவராகவோ உட்கார்ந்தால் 134ஏ பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை. தேர்தல் பணியில் இருக்கும்போது ஒரு வேட்பாளருக்காக எதையும் செய்தால் 129-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை.

வாட்ஸ்அப் குழுவில் வரும் ஒரு மீம்ஸை முன்னனுப்புவதும் புகாராகலாம். குழுவில் இருக்கும் யாராவது ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் போதும்.

முந்தைய இரவு சாவடியிலேயே தங்க வேண்டியிருக்கிறது. கழிப்பறைகூட ஒழுங்காக இல்லை. யாரிடம் சொல்வது?

பெண் ஊழியர்கள் முதலில் கேட்கும் கேள்வி இது. பொருட்களோடு மாலையில் போய்ச் சேர்ந்தால் வகுப்பறை பூட்டியிருக்கும், சாவி வைத்திருப்பவரைத் தேட வேண்டும், கழிப்பறையில் தண்ணீர் வராது, இரவு உணவுக்கு ஊரில் கடை இருக்காது. கட்சிக்காரர்கள் சாப்பாடு கொண்டுவருவார்கள், வாங்கக் கூடாது. கொசுக்கடியில் பெஞ்சை இழுத்துப்போட்டுப் படுத்து, நான்கு மணிக்கு எழுந்து தயாராக வேண்டும்.

ஒவ்வொரு சாவடியிலும் குடிநீர், கழிப்பறை, மின்விளக்கு, சாய்தளம், நிழல், மேசை நாற்காலி ஆகிய குறைந்தபட்ச வசதிகள் இருக்க வேண்டும் என்பது ஆணையத்தின் கட்டளை. எனவே உங்கள் கோரிக்கை விதியின் மேல் நிற்கிறது. சில சாவடிகளைச் சேர்த்துக் கவனிக்கும் மண்டல அலுவலர் மாலையில் வரும்போது குறையைச் சொல்லுங்கள். கிராம நிர்வாக அலுவலர், கிராம உதவியாளர், ஊராட்சிச் செயலர் மூவரின் எண்களையும் பொருட்கள் வாங்கும் இடத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் ஏற்றவும் சாவி கொண்டுவரவும் அவர்களால்தான் முடியும். தீராத குறையைத் தலைமை அலுவலரின் நாட்குறிப்பில் எழுதுங்கள். பலர் அதில் எல்லாப் பத்திக்கும் "இல்லை" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். எழுதப்படாத குறை அடுத்த தேர்தலிலும் அப்படியே இருக்கும்.

பணிக்காக வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பும் வரை, பயிற்சி நாட்கள் உட்பட, உயிரிழப்பு நேர்ந்தால் குடும்பத்துக்குக் குறைந்தது 15 லட்சம் ரூபாய் கருணைத்தொகை தர வேண்டும் என்பது ஆணையத்தின் வழிகாட்டுதல். வீட்டில் ஒருவருக்காவது இது தெரிந்திருக்கட்டும்.

தலைமை அலுவலராக முதல் முறை போகிறேன். எதற்கு அதிகம் பயப்பட வேண்டும்?

மாதிரி வாக்குப்பதிவின் முடிவுக்கு. வாக்குப்பதிவு தொடங்க 90 நிமிடங்களுக்கு முன்பு முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 வாக்குகள் போட்டுக் காட்ட வேண்டும். பிறகு கட்டுப்பாட்டுக் கருவியில் "குளோஸ்", "ரிசல்ட்", "கிளியர்" என்ற வரிசையில் பொத்தான்களை அழுத்த வேண்டும். வாக்கைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபாட் கருவியின் பெட்டியில் விழுந்த சீட்டுகளை எடுத்து, பின்புறம் முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட்டு மூட வேண்டும். ஆறே முக்கால் மணிக்கு வெளியே வரிசை நீண்டிருக்கும், முகவர்கள் அவசரப்படுத்துவார்கள், அந்தப் பதற்றத்தில் "கிளியர்" விட்டுப்போகும். பிறகு உண்மையான வாக்குகளோடு மாதிரி வாக்குகள் கலந்துவிடும். பி-1 நண்பரிடம் முன்பே சொல்லிவையுங்கள்: பூஜ்யம் திரையில் தெரிவதை இருவரும் பார்க்காமல் முதல் வாக்காளரை உள்ளே விடுவதில்லை என்று.

மாலையில் முடிவு நேரத்தில் வரிசையில் நிற்பவர்களுக்குச் சீட்டு கொடுக்கும்போது கடைசியில் நிற்பவரிடமிருந்து தொடங்குங்கள். முன்னாலிருந்து கொடுத்தால் பின்னால் ஆட்கள் சேர்ந்துகொண்டே போவார்கள். எல்லோரும் வாக்களித்ததும் "குளோஸ்" பொத்தானை அழுத்தி, மொத்த எண்ணிக்கையைப் படிவம் 17சி-யில் எழுதி, அதன் நகலை முகவர் ஒவ்வொருவருக்கும் கொடுக்க வேண்டும். இந்த நகலைக் கொடுக்காமல் விடுவதால்தான் பின்னர் வரும் சந்தேகங்களில் பாதி எழுகிறது.

வாக்காளர்கள் கோபத்தை நம் மீதுதான் காட்டுகிறார்கள். எப்படிச் சமாளிப்பது?

அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்று முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள். வேலையை விட்டு, பஸ் பிடித்து, வெயிலில் நின்று வந்தவர் அவர்.

பட்டியலில் பெயர் இல்லையென்றால் அன்று சாவடியில் யாராலும் எதுவும் செய்ய முடியாது. வேட்புமனு தாக்கலின் கடைசி நாளோடு பெயர் சேர்ப்பது நின்றுவிடுகிறது. அடையாள அட்டை கையில் இருந்தாலும் பெயர் பட்டியலில் இருந்தால்தான் வாக்கு. இதைச் சொல்லும்போது "போங்கம்மா, பெயர் இல்லை" என்று சொல்லாமல், பக்கத்துப் பாகத்தின் பட்டியலிலும் இருக்கிறதா என்று வெளியே இருக்கும் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் பார்க்கச் சொல்லுங்கள். சாவடிகள் பிரிந்த இடங்களில் பெயர் அடுத்த அறையில் இருப்பது மிகச் சாதாரணம்.

பூத் சிலிப் மட்டும் அடையாள ஆவணம் ஆகாது. வாக்காளர் அட்டை இல்லாவிட்டால் ஆதார், ஓட்டுநர் உரிமம், பான் அட்டை, கடவுச்சீட்டு, படம் ஒட்டிய வங்கிப் புத்தகம், நூறு நாள் வேலை அட்டை என்று ஆணையம் ஏற்கும் மாற்று ஆவணங்கள் உண்டு.

"என் வாக்கை வேறு யாரோ போட்டுவிட்டார்கள்" என்று ஒருவர் வந்து நிற்கும் தருணம்தான் கடினமானது. விசாரித்து, அவர்தான் உண்மையான வாக்காளர் என்று உறுதியானால், ஆய்வுக்குரிய வாக்கைத் தாளில் போட உரிமை உண்டு. படிவம் 17பி-யில் கையெழுத்து வாங்கி, சீட்டைத் தனி உறையில் வைக்க வேண்டும். இந்த வாக்கு எண்ணிக்கை நாளில் எண்ணப்படாது. நீதிமன்றம் கேட்டால்தான் திறக்கப்படும். அவரிடம் இதை மறைக்காதீர்கள். திருப்பி அனுப்பிவிட்டால் தகராறு இல்லை என்று நினைக்கும் அலுவலர்கள் இருக்கிறார்கள். தாளில் போட்டால் ஏமாற்று நடந்ததற்கு ஆவணமாவது மிஞ்சும். திருப்பி அனுப்பினால் அதுவும் இல்லை.

வெளியூரில் அரசு வேலை; தேர்தல் பணியும் வரவில்லை. எனக்குத் தபால் வாக்கு உண்டா?

இல்லை. ராணுவத்தினர், மாநிலத்துக்கு வெளியே பணியாற்றும் ஆயுதப்படைக் காவலர்கள், வெளிநாட்டில் பணியாற்றும் அரசு ஊழியர்கள் போன்றோர் மட்டுமே வேலையின் காரணமாகத் தபால் வாக்கு பெறும் 'பணி வாக்காளர்கள்'. தூத்துக்குடிக்காரர் சென்னைத் தலைமைச் செயலகத்தில் வேலை செய்தால் இந்த வகைக்குள் வர மாட்டார். குடியிருக்கும் இடத்துக்கே பெயரைப் படிவம் 8 மூலம் மாற்றிக்கொள்வதுதான் வழி. சொந்த ஊர்ப் பாசத்தில் மாற்றாமல் இருந்து, கிளாம்பாக்கத்தில் நள்ளிரவு வரை பஸ்ஸுக்கு நின்று, கடைசியில் போக முடியாமல் திரும்புகிறவர்கள் ஒவ்வொரு தேர்தலிலும் இருக்கிறார்கள். மின்வாரியம், ரயில்வே, மருத்துவம் போன்ற அத்தியாவசியப் பணிகளில் அன்று ஷிப்ட் இருப்பவர்கள் தபால் வாக்கு கேட்டுத் துறை வழியாகப் படிவம் 12டி கொடுக்கலாம்.

பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) வேலையையும் பள்ளி வேலையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார்கள். இது சட்டப்படி சரியா?

கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 27-ஆவது பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றுக்கு ஆசிரியர்களை அனுப்ப அனுமதிக்கிறது. ஆனால் பட்டியல் திருத்தம் போன்ற பணிகளை விடுமுறை நாட்களிலும் வகுப்பு இல்லாத நேரத்திலும்தான் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007-இல் சொல்லியிருக்கிறது.

என்னை வருத்துவது வேறு ஒன்று. வாக்குப்பதிவு நாளில் கடமை தவறும் அலுவலருக்கு 500 ரூபாய் அபராதம் என்று மேலே சொன்னேன். பட்டியல் தயாரிப்பில் கடமை தவறினால், 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 32-ஆவது பிரிவுப்படி மூன்று மாதத்துக்குக் குறையாமல் இரண்டு ஆண்டு வரை சிறை. இந்தப் பிரிவின் கீழ் நிற்பவர்களில் பெரும்பாலோர் அங்கன்வாடிப் பணியாளர்கள், சத்துணவு ஊழியர்கள், ஆசிரியர்கள். அவர்களின் ஆண்டு மதிப்பூதியமே 2025 ஆகஸ்டில்தான் 6,000 ரூபாயிலிருந்து 12,000 ஆக உயர்ந்தது. தீவிரத் திருத்தத்தின்போது வீடு வீடாகப் படிவம் கொடுத்து, திரும்ப வாங்கி, இரவில் கைப்பேசியில் ஏற்றிய அவர்களின் பாரத்தைக் குறைக்கக் கூடுதல் ஊழியர்களைத் தர வேண்டும் என்று 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. உடல்நலக் காரணம் உள்ளவர்கள் விலக்கு கேட்க அந்த உத்தரவு இடம் தருகிறது, எழுத்தில் கேளுங்கள்.

ரிசர்வில் வைத்துவிட்டுப் பணி தராமல் அனுப்பிவிட்டார்கள். என் சாவடியில் போய் வாக்களிக்கலாமா?

உங்களுக்குத் தபால் வாக்குச்சீட்டோ இ.டி.சி.யோ வழங்கப்பட்டிருந்தால் முடியாது. பட்டியலில் உங்கள் பெயருக்கு எதிரே அதற்கான குறி போடப்பட்டிருக்கும். இரண்டும் வழங்கப்படவில்லையென்றால் தாராளமாகப் போடலாம். நேரம் இருந்தால் உடனே கிளம்புங்கள்.

எல்லாம் செய்தும் வாக்கு தவறிப்போய்விட்டது. இனி என்ன பயன்?

அந்த வாக்கு திரும்பக் கிடைக்காது. ஆனாலும் எழுதுங்கள். எத்தனை பேருக்குச் சீட்டு வழங்கப்பட்டது என்ற கணக்கு அலுவலகத்தில் இருக்கும். விண்ணப்பித்தும் கிடைக்காதவர்கள் எத்தனை பேர் என்பது நீங்கள் எழுதினால்தான் பதிவாகும். உங்கள் தொகுதியின் தேர்தல் நடத்தும் அலுவலருக்கு ஒரு மனு, மாவட்டத் தேர்தல் அலுவலருக்கும் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கும் நகல். படிவம் 12 எந்த நாளில், எந்தப் பயிற்சி மையத்தில், யாரிடம் கொடுத்தீர்கள் என்பதை எழுதி, நீங்கள் எடுத்துவைத்த படத்தை இணையுங்கள். வாக்காளர் அடையாள அட்டை எண்ணையும் பணி ஆணை எண்ணையும் குறிப்பிடாமல் விட்டுவிடாதீர்கள். இவை இரண்டும் இல்லாத மனுவை விவரம் போதாது என்று முடித்துவைத்துவிடுவார்கள்.